விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு தாங்க முடியாத மந்தம், ரேம் கூட்டியும் பலனில்லை

கேட்டவர்:
வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 மடிக்கணினி, 16 ஜிபி ரேம், 4 கோர் 8 த்ரெட், எஸ்எஸ்டி. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 22.04 (லினக்ஸ்) போட்டிருக்கிறேன். டெர்மினலில் தட்டும் எழுத்து அரை நொடி கழித்துத்தான் விழுகிறது. 4 ஜிபி, 2 சிபியு போதவில்லையோ என்று 12 ஜிபி, 8 சிபியு ஆக்கினேன். இப்போது விண்டோஸும் சேர்ந்து திணறுகிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன்தான். என் ப்ராஜெக்ட் முழுக்க இதற்குள் இருக்கிறது, உதவுங்கள்.

பதில் 1:
முதலில் 6 ஜிபி, 2 சிபியுவுக்கு இறக்குங்கள். ஸ்லைடர் சிவப்புப் பகுதிக்குப் போயிருக்குமே, அது எச்சரிக்கை. இருக்கிற கோர்களுக்கு மேல் கொடுத்தால் இரண்டு சிஸ்டமும் ஒரே கோருக்கு அடித்துக்கொள்ளும். வீடியோ மெமரி 128 எம்பி வையுங்கள், உபுண்டுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸும் (விர்ச்சுவல்பாக்ஸ் தரும் துணை டிரைவர்கள்) போட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
செய்தேன். விண்டோஸ் சரியாகிவிட்டது. உபுண்டு திரையும் ஜன்னல் அளவுக்கு விரிகிறது. ஆனால் எழுத்துத் தாமதம் அப்படியே இருக்கிறது.

பதில் 2:
உபுண்டு ஓடும்போது ஜன்னலின் அடிப்பட்டையில் வலது ஓரம் பாருங்கள். பச்சை ஆமை தெரிகிறதா?

கேட்டவர்:
ஆமாம், இருக்கிறது! அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

பதில் 2:
அதுதான் விஷயம். சிபியுவின் விடி-எக்ஸ் வசதியை (பயாஸில் ஆன் செய்த அந்த விர்ச்சுவலைசேஷன்தான்) விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் அமைப்பான ஹைப்பர்-வி முன்னமே எடுத்துக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரடியாகக் கிடைக்காததால் ஹைப்பர்-வி வழியாகச் சுற்றிப் போகிறது. 6.0 பதிப்புக்கு முன் இந்த நிலையில் ஓடவே ஓடாது. இப்போது ஓடும், மெதுவாக. ரேமைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதில் கோர் ஐசொலேஷன், உள்ளே மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய்யுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஹைப்பர்-வியை நாம் போடாவிட்டாலும் இது அதை எழுப்பிவிடும். பிறகு விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் ப்ளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுங்கள். ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் செய்து திறந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய நிலையையே மீட்டுக்கொண்டு வரக்கூடும்.

ஒன்றைத் தெரிந்தே செய்யுங்கள்: மெமரி இன்டெக்ரிட்டி தீங்கான டிரைவர்களைத் தடுக்கும் காவல். கண்ட மென்பொருளையும் நிறுவும் கணினி என்றால் நான் அணைக்க மாட்டேன்.

கேட்டவர்:
ஆமை போய்விட்டது! தட்டத் தட்ட எழுத்து விழுகிறது. மிக்க நன்றி. ஆனால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 திறக்கவில்லை, அதை நம்பியிருந்த டாக்கரும் (செயலிகளைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் கருவி) நின்றுவிட்டது.

பதில் 2:
அவை நாம் டிக் எடுத்த விர்ச்சுவல் மெஷின் ப்ளாட்ஃபார்ம் மேல்தான் ஓடும். அவையா, விர்ச்சுவல்பாக்ஸின் வேகமா, இரண்டில் ஒன்றுதான். உங்களிடம் உபுண்டுவே இருக்கிறதே, டாக்கரை அதற்குள் நிறுவுங்கள். லினக்ஸில் அதற்கு விடி-எக்ஸ் தேவையில்லை.

கேட்டவர்:
உபுண்டுக்குள் நிறுவிவிட்டேன், கண்டெய்னர்கள் ஓடுகின்றன. மெமரி இன்டெக்ரிட்டியை ப்ராஜெக்ட் முடிந்ததும் திரும்ப ஆன் செய்கிறேன்.