வாரம் ஒரு பீரியட் 'தொழில் வழிகாட்டல்': எதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு உதவும்?

கேட்டவர்: கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இந்த வருஷம் வாரத்தில் ஒரு பீரியடைத் தொழில் வழிகாட்டலுக்கு ஒதுக்கி, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு பவர்பாயிண்ட் மட்டும். எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று அட்டவணை அட்டவணையாக ஓடும். பிள்ளைகள் சமத்தாகப் பார்த்தார்கள், ஒரு கேள்விகூட வரவில்லை.

என்ன ஆகணும் என்று சீட்டில் எழுதச் சொன்னேன். டாக்டர், இன்ஜினியர், ஐ.டி., டீச்சர், போலீஸ், இதைத் தாண்டவில்லை. ஒரு பெண் 'அப்பா மாதிரி லிஃப்ட் மெக்கானிக்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே 'இன்ஜினியர்' என்று எழுதியிருந்தாள். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

புது ஆட்களுக்கு வேலை பழக்குகிறவர்கள் சொல்லுங்கள். படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் உண்மையில் என்ன குறைகிறது? அதில் எதை ஒரு பீரியடுக்குள் நான் தொட முடியும்?

பதில்: டூல் ரூம்

வணக்கம் டீச்சர். ஒரு தொழிற்சாலையில் கருவிகளும் அச்சுகளும் செய்கிற டூல் ரூமில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை முதலில் என்னிடம்தான் விடுவார்கள்.

படிப்பில் குறை சொல்ல மாட்டேன். நுணுக்கமாக அளக்கிற வெர்னியர் கருவியைக் கையில் கொடுத்தால், அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவுக்கான லீஸ்ட் கவுண்ட் சூத்திரம் மடமடவென்று வரும். ஆனால் தாடை இரண்டையும் துடைத்து, மூடிப் பார்த்து, ஜீரோ சேருகிறதா என்று கவனிக்கிற பிள்ளை அபூர்வம். இடையில் பொடி இரும்புத் தூள் இருந்தாலே ரீடிங் தப்பாகிவிடும். ஒரே ஷாஃப்டை இரண்டு பேரிடம் கொடுப்பேன். ஒருத்தன் 24.98 என்பான், இன்னொருத்தன் 25.04 என்பான். சொன்ன கையோடு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். மறுபடி அளப்போம் என்று தோன்றவே தோன்றாது. பத்து வருஷமாகச் சரியான விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலோ வாத்தியாரிடமோ தயாராக இருந்திருக்கிறது. இங்கே அது என்னிடமும் கிடையாது டீச்சர். அளந்தால்தான் எனக்கே தெரியும்.

இதைவிடப் பெரிசாக என்னை வருத்துவது ஒன்று உண்டு. அளவு குறைய வெட்டிவிட்டால் பீஸை மேசைக்கடியில் தள்ளிவிடுவார்கள். அப்போதே வந்து சொன்னால் ஒன்றோடு போகும். சொல்லாமல் விட்டால் அதே செட்டிங்கில் ஒரு தட்டு பீஸும் ஸ்கிராப். சோம்பேறித்தனம் இல்லை, பயம். தப்பு என்றால் சிவப்பு மை, மார்க் போச்சு, அத்தோடு கதை முடிந்தது என்று பழகிய பிள்ளைகள். திருத்தித் திரும்பக் கொடுத்தால் அதற்கும் மார்க் உண்டு என்று ஒரு பரீட்சைக்காவது வையுங்களேன். எங்கே தப்பு, ஏன் வந்தது என்று அவர்களே இரண்டு வரி எழுதட்டும். நான் இங்கே தினமும் கேட்கிற ரிப்போர்ட் அதுதான்.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வகுப்பறையின் நீளத்தைக் குழு குழுவாக மில்லிமீட்டரில் அளக்க விடுங்கள். விடைகள் கட்டாயம் ஒத்துவராது. எது சரி என்று நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அவர்களே பேசி, திரும்ப அளந்து, ஒரு எண்ணுக்கு வரட்டும்.

பதில்: நைட் ட்யூட்டி

நான் வார்டில் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களுக்குத் தடுமாற்றம் ஷிஃப்ட் ஒப்படைக்கும்போதுதான். நோயாளி பெயர், வயது, எப்போது அட்மிட் ஆனார் என்று கட்டுரை மாதிரி முன்னுரையிலிருந்து தொடங்குவார்கள். 'மத்தியானத்திலிருந்து யூரின் போகவில்லை' என்பது கடைசியில் வரும். அதற்காகவே எஸ்பார் என்று ஒரு முறை வைத்திருக்கிறோம்: இப்போதைய நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, அடுத்து செய்ய வேண்டியது. அமெரிக்கக் கடற்படையிலிருந்து மருத்துவமனைக்கு வந்த வழக்கம். லீவு போட்ட பிள்ளைக்கு அன்றைய பாடத்தை நாலு வாக்கியத்தில் இன்னொரு பிள்ளை ஒப்படைக்கட்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

பதில்: ஒரு அப்பா

உங்கள் வகுப்புச் சீட்டில் வந்ததுதான் உலகம் முழுக்கவும், டீச்சர். பல நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைக்கிற பிசா தேர்வில், 2018-ல் 'என்ன வேலைக்குப் போவாய்' என்று கேட்டதை வைத்து, அதை நடத்துகிற ஓ.இ.சி.டி. என்ற நாடுகளின் கூட்டமைப்பு அறிக்கை போட்டது. 41 நாடுகளில் பெண்களில் 53 சதவீதமும் ஆண்களில் 47 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் நின்றுவிட்டார்கள். பார்த்த வேலையைத்தானே பிள்ளைகள் எழுத முடியும்? ஜப்பானில் ஹியோகோ மாகாணம் 1998-லிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்து நாள் வேலையிடங்களுக்கு அனுப்புகிறது. அவ்வளவு முடியாவிட்டாலும் அந்த லிஃப்ட் மெக்கானிக்கை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். உற்சாகப் பேச்சு வேண்டாம். டூல் பையையும் சர்வீஸ் நோட்டையும் கொண்டுவந்து, போன வாரம் சரிசெய்த ஒரு கோளாறைச் சொன்னால் போதும்.

கூடவே ஒரு சம்பளச் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொடுங்கள். மொத்தம், பிடித்தம், கையில் வருவது. முதல் சம்பளத்தில் ஏன் பணம் குறைந்தது என்று கேட்கவே என் மகனுக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடம் முதலாளிக்கு ஆள் தயாரிக்கிற இடம் மட்டும் இல்லை. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கத் தெரிவதும் வேலைக்கான படிப்புதான்.

கணக்கு டீச்சர்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். பவர்பாயிண்டை ஓரமாக வைத்துவிட்டு, அளக்கிற வேலையிலிருந்து தொடங்கப்போகிறேன். டூல் ரூம் சார், சாதாரண ஸ்டீல் டேப் போதுமா? பள்ளியில் இருக்கிற டேப்பில் நுனிக் கொக்கி ஆடுகிறது, மாற்ற வேண்டுமா?

டூல் ரூம்

தாராளமாகப் போதும் டீச்சர். கொக்கியின் ஆட்டம் பழுது இல்லை, மாற்றிவிடாதீர்கள். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு நகரும்படிதான் செய்திருப்பார்கள். வெளியே மாட்டி இழுத்தாலும், உள்ளே சுவரில் முட்டி அளந்தாலும் அளவு சரியாக வர வேண்டும் அல்லவா, அதற்காக. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். யாராவது ஒருத்தர் 'டேப் கெட்டுப்போச்சு' என்று நிச்சயம் வருவார்கள். அவர் கையிலேயே கொடுத்து, ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.