வெள்ளி கோயில் கொடை, சனி போட்டி (குடும்ப குரூப் சாட்)

சித்தப்பா: சனிக்கிழமை காலை 8 மணிக்கு கவிக்கு மாவட்டப் போட்டி. இவ வெள்ளி சாயங்காலம் முளைப்பாரி முன்னால சிலம்பம் ஆடணும்னு நிக்கா. யாராவது எடுத்துச் சொல்லுங்க

செல்வி அத்தை: ஆடட்டுமே

சித்தப்பா: நடுராத்திரி சாமக்கொடை பூசை முடிய முழிச்சிருந்துட்டு காலையில எப்படிக்கா கம்புச்சண்டைக்கு நிப்பா? 2024-ல தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா போட்டியிலயே சிலம்பம் வந்துட்டு. அரசு வேலைக்கு அந்த 3% விளையாட்டு ஒதுக்கீட்டுலயும் சேத்தாச்சு. சான்றிதழ்னா சும்மாவா

பிரபு: வேன் 17 சீட்டா 21 சீட்டா?

கவி: அப்பா, போட்டியில நான் ஒத்தைக் கம்பு வீச்சு மட்டும் ஆடுதேன். சண்டை வேண்டாம்

பெரியப்பா: தம்பி, பொறுமையா வாசி. அப்பா என் கையில கம்பைத் தரவே ஆறு மாசம் ஆச்சு. அதுவரை காலடிதான். ஈர மணல்ல மிதிக்கச் சொல்லி, தடம் சரியா விழுந்திருக்கான்னு குனிஞ்சு பாப்பாக. சண்டையில கம்பு மேல பட்டா புள்ளி. அந்தப் புள்ளிய நினைச்சா பிடி இறுகும். பிடி இறுகுனா மணிக்கட்டு திரும்பாது, கம்புச் சத்தமும் விட்டுவிட்டுக் கேக்கும். போன ஞாயித்துக்கிழமை கவி களத்துல ஆடும்போது நான் கண்ணை மூடிக்கிட்டேன். வலது கையிலருந்து இடது கைக்கு மாத்தும்போதுகூட அந்த 'விர்ர்' அறுபடல. எனக்கு அது வாழ்க்கையில நாலஞ்சு தடவைதான் அமைஞ்சிருக்கு. அந்தச் சுகத்தைப் பதினாலு வயசுல கண்டுட்டா. அதைக் கலைச்சிராத

செல்வி அத்தை: 👌👌

பிரபு: வேன்??

சித்தப்பா: எனக்குத் தோள் மூட்டு இறங்குன அன்னைக்கும் இதையேதான் சொன்னீக

செல்வி அத்தை: ஏல, பழசை எடுக்காத

பெரியப்பா: நீ அன்னைக்கு ஜெயிச்ச. அதுக்குப் பிறகு 20 வருஷமா கம்பைத் தொடல. எனக்கு அதுதாம்ல வருத்தம்

சித்தி: மாமாவோட பித்தளைப் பூண் போட்ட கம்பு இப்ப யார் வீட்டுல?

செல்வி அத்தை: எங்க பரண்ல. யாரும் கேக்கலயேன்னு வச்சிருக்கேன்

சித்தப்பா: உன்கிட்டயா?? அது தொலைஞ்சு போச்சுன்னு அம்மா சொன்னா

பெரியப்பா: நல்லெண்ணெய் தடவி வைம்மா. பிரம்பு காஞ்சா வெடிச்சிரும்

பிரபு: இன்னைக்கு அட்வான்ஸ் குடுக்கணும். சீட்டு சொல்லுங்க

கவி: வெள்ளிக்கிழமை தாத்தா கம்புல ஆடட்டுமா

சித்தப்பா: உனக்கு அது நெத்தியத் தாண்டும். ஆடுதவங்க நெத்தி உயரம்தான் கணக்கு

கவி: உங்களுக்கு சரியா இருக்கும்லா. நீங்க ஆடுங்க

செல்வி அத்தை: ஆமால

சித்தி: 🙏

பெரியப்பா: தோளை மேல தூக்காத. இடுப்பு உயரத்துல சுத்து போதும்

சித்தப்பா: கொண்டு வா அக்கா, பாப்போம். போட்டி விஷயம் நேர்ல பேசிக்கிடுவோம்

ஆச்சி: 🎤 குரல் பதிவு 0:41

செல்வி அத்தை: அம்மா கடைசில என்ன சொல்லுதா? கோயில் ரேடியோ சத்தத்துல ஒண்ணும் கேக்கல

பிரபு: 21 சொல்லிட்டேன்