வேக்யூம் 24 இன்ச்சைத் தாண்டவில்லை, குமிழும் நிற்கவில்லை. உதவி தேவை

குன்னூர்க் கடைசல்:
வீட்டுப் பின்கட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பேனா கடைய, தேயிலை வேர்க்கட்டையில் ரெசின் (கட்டையைக் கெட்டியாக்கும் திரவப் பிசின்) ஏற்றப் பார்க்கிறேன். கட்டைக்குள் இருக்கும் காற்றை வேக்யூமில் உறிஞ்சினால்தான் அது உள்ளே இறங்கும். ஏசி சர்வீஸுக்கு வரும் டூ ஸ்டேஜ் பம்பு, 25 செ.மீ. அகல எவர்சில்வர் பாத்திரம், 12 மி.மீ. அக்ரிலிக் மூடி, சிலிகான் கேஸ்கட். வேக்யூம் கேஜ் முள் 24 இன்ச்சில் (பாதரச அளவு) நின்றுவிடுகிறது. டயலில் 30 வரை இருக்கிறது! கேஸ்கட்டை இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஆறு மணி நேரம் ஓட்டியும் கட்டையிலிருந்து குமிழ் வந்துகொண்டேதான் இருக்கிறது. பம்பு எண்ணெய் வேறு மோர் மாதிரி ஆகிவிட்டது. விற்ற கடையில் "லீக்கா இருக்கும் சார்" என்பதோடு சரி.

மரத்தூள்:
எல்லா மரையிலும் டெஃப்லான் டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

பழைய ஃபிட்டர்:
சோப்புத் தண்ணீர் இதற்கு உதவாது தம்பி. காற்று உள்ளேதானே போகிறது, நுரை எப்படி வெளியே வரும்? வால்வை மூடிவிட்டு பம்பை நிறுத்துங்கள். காலையில் முள் எங்கே நிற்கிறது?

குன்னூர்க் கடைசல்:
வெறும் பாத்திரத்தில் பார்த்தேன் அண்ணா. ராத்திரி முழுக்க அரை இன்ச்தான் இறங்கியது.

பழைய ஃபிட்டர்:
அப்படியானால் லீக் இல்லை, குன்னூர்தான் காரணம். அந்தக் கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். சென்னையில் வெளிக்காற்றின் அழுத்தமே கிட்டத்தட்ட 30 இன்ச். கோவையில் 28.5. நீங்கள் இருக்கும் 1,850 மீட்டரில் ஏறக்குறைய 24தான். இருப்பதையெல்லாம் பம்பு உறிஞ்சிவிட்டது. இல்லாததை எங்கிருந்து எடுக்கும்? ஊட்டிக்குக் கொண்டுபோனால் 23கூட வராது.

குமிழ் வேறு கதை. அது காற்று இல்லை, கட்டையில் இருக்கும் ஈரம். 20 டிகிரியில் 23 மில்லிபாருக்குக் கீழே போனாலே தண்ணீர் கொதிக்கும். அந்த ஆவிதான் பம்புக்குள் போய் எண்ணெயை மோராக்குகிறது. கட்டையை ஓவனில் 105 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். எடை குறைவது நிற்கும்வரை நிறுத்துப் பாருங்கள். ஆறியதும் ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். உங்கள் ஊர் மூட்டத்தில் திறந்து வைத்தால் மறுபடி ஈரம் குடிக்கும். எண்ணெயை மாற்றிவிட்டு, பம்பில் கேஸ் பலாஸ்ட் திருகு (கொஞ்சம் வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஆவி எண்ணெயில் தங்காமல் வெளியேற்றுவது) இருந்தால் முதல் அரை மணி நேரம் திறந்து ஓட்டுங்கள்.

எனக்குப் பயமே அந்த மூடிதான். 25 செ.மீ. வட்டத்தில் உங்கள் ஊர்க் காற்றே 400 கிலோ அழுத்தும். 12 மி.மீ. போதாது.

குன்னூர்க் கடைசல்:
நடு குழிந்திருக்கிறது. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்!

மரத்தூள்:
ஐயோ, உடனே மாற்றுங்கள். 25 மி.மீ. போடுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும். எனக்கு ஒன்று அப்படித்தான் போயிற்று.

குன்னூர்க் கடைசல்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். 62 கிராம் கட்டை 53க்கு வந்து நின்றது. புது மூடி, புது எண்ணெய். இரண்டு மணி நேரத்தில் குமிழ் அடங்கிவிட்டது. முள் இப்போதும் 24தான். கேக் ஓவனில் வேர்க்கட்டையை வைத்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது தனி. பழைய ஓவன் எங்காவது கிடைக்குமா?