மறு: கெல்டிக் பங்க் இசைக்குத் தமிழில் என்ன பெயர்?

> நாட்டுப்புற மெட்டுகளைப் பங்க் ராக்கோடு சேர்த்து வாசிக்கும் குழுக்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘கெல்டிக் பங்க்’ என்பதை ‘கெல்டிக் கலக இசை’ என்று போடலாமா? ‘ஐரிஷ் பங்க்’ என்றே விட்டுவிடலாமா?

வணக்கம்.

முதலில் ‘பங்க்’. தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் பெட்ரோல் போடும் இடம்தான் நினைவுக்கு வரும். “1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஓர் ஐரிஷ் பங்க் தொடங்கியது” என்று எழுதிப் பாருங்கள், டீசல் விலை கேட்பார்கள். ஈழத்து நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்கள் பெற்றோல் செட் என்பார்கள்.

‘ஐரிஷ்’ என்பதும் போதாது. மேலே சொன்ன அந்த லண்டன் குழு, அதாவது போக்ஸை (The Pogues) வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது. ஆனால் 1992இல் வான்கூவரில் தொடங்கிய ரியல் மெக்கென்சிஸ் ஸ்காட்லாந்து வழி வந்தவர்கள். கில்ட் என்னும் ஸ்காட்லாந்துப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பைக்குழலோடு (பேக்பைப்) மேடையேறுகிறவர்கள். பிரான்சின் வடமேற்கில் பிரெத்தாஞ் பகுதியில் 2006இல் உருவான லே ராமோனர் தெ மெனிர் குழு பாடுவது அந்தப் பகுதியின் கெல்டிக் மொழியான பிரெத்தோனில். இவர்களை எல்லாம் ஐரிஷ் என்றால் அவர்களே சண்டைக்கு வருவார்கள். ‘கெல்டிய’ என்று பெயரடையாக்குவது என் விருப்பம்; இத்தாலிய, ரஷ்ய என்று எழுதுவதில்லையா, அப்படி. ‘செல்டிய’ வேண்டாம். கிளாஸ்கோ கால்பந்துக் குழுவையும் பாஸ்டன் கூடைப்பந்துக் குழுவையும் ‘செ’ போட்டுச் சொல்கிறார்கள், அது விளையாட்டோடு இருக்கட்டும்.

சரி, ‘கலக இசை’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேர்த்து எழுதினால் ‘கலகவிசை’ ஆகி இயற்பியல் பாடம் போலத் தெரியும் என்பதைக்கூட விட்டுவிடலாம். பெரிய சிக்கல் வேறு. அயர்லாந்தில் கலகப் பாட்டு என்று ஏற்கெனவே தனி வகை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 எழுச்சி, 1916 ஈஸ்டர் எழுச்சி இவற்றைப் பாடும் தேசியப் பாடல்கள் அவை. மதுக்கடையில் ஒரு கிதாரோடு நிதானமாகவும் பாடுவார்கள். ‘கெல்டிக் கலக இசை’ என்று படிக்கிறவர் நேராக அங்கேதான் போவார். பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஆறு பேருக்காகப் போக்ஸ் ஒரு பாட்டு பாடி 1988 ஆல்பத்தில் சேர்த்தது. பிரிட்டனில் அதை ஒலிபரப்பத் தடை வந்தது. (அந்த ஆறு பேரும் 1991இல் விடுதலையானார்கள்.) அந்தப் பாட்டு பங்க் குழு பாடியது என்பதால் கலகமா, அரசியலால் கலகமா? உங்கள் கட்டுரையில் இந்த வேறுபாடு கட்டாயம் தேவைப்படும். இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அடைப்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு நண்பர் ‘நாட்டார் கலப்பிசை’ என்றார். இதில் எனக்கு உடன்பாடே இல்லை. கலப்பிசை என்றதும் நம் ஆட்களுக்கு சபா மேடை பியூஷன் கச்சேரி நினைவுக்கு வரும்: வயலின் ஒரு சுற்று, டிரம்ஸ் ஒரு சுற்று, கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒரு தீர்மானம். போக்ஸ் செய்தது அதுவே இல்லை. தொடக்க காலப் போக்ஸில் பாஞ்சோ, அக்கார்டியன், தகரக் குழல், சாதாரண கிதார், பேஸ், இவ்வளவுதான். டிரம்ஸ் வாசிப்பவர் நின்றபடி ஒன்றிரண்டு முரசுகளை மட்டும் அடிப்பார். தகரக் குழல் வாசித்த ஸ்பைடர் ஸ்டேசி பீர்த் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போட்டார். கருவிகள் பெரும்பாலும் நாட்டார் கருவிகள், பங்க் இருந்தது வாசித்த விதத்தில். ஆறு எட்டு தாளத்தில் ஓடும் ஜிக் என்னும் நடன மெட்டு, நம் கணக்கில் திஸ்ர நடை, அதை மூச்சு வாங்கும் வேகத்துக்கு விரட்டி, பாடகர் ஷேன் மெக்கோவன் பல்லிடுக்கில் சொற்களைத் துப்பிப் பாடினால் போதும், மின்கிதாரே வேண்டாம். இதைக் ‘கலப்பு’ என்பது சரியான விவரிப்பு அல்ல.

1996இல் பாஸ்டன் பக்கத்தில் குவின்சியில் தொடங்கிய டிராப்கிக் மர்ஃபிஸ் நேர் எதிர்த்திசையில் வந்தவர்கள். அது முதலில் மின்கிதார் பங்க் குழு, பைக்குழல் பிறகுதான் மேலேறியது. பைக்குழலில் மெதுவாக ஊதுவது, உரக்க ஊதுவது என்ற பேச்சே இல்லை. ஸ்வரங்களுக்கு நடுவே நிறுத்தவும் முடியாது. சத்தமான கிதாரோடு மல்லுக்கு நிற்க அதைவிடப் பொருத்தமான கருவி வேறு ஏது?

ஆகவே என் பரிந்துரை: பங்க் என்பதற்கு ‘முரட்டிசை’, இந்த வகைக்குக் ‘கெல்டிய முரட்டிசை’. முரடு + இசை, புணர்ச்சியிலும் இடறல் இல்லை. முரட்டிசைக் குழு, முரட்டிசைஞர் என்று மேலும் சொற்கள் எடுக்கலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் வசவு. தறுதலை, போக்கிரி என்கிற மாதிரி. அந்த வாடை கொஞ்சமாவது தமிழில் இருக்க வேண்டும். போக்ஸின் பழைய பெயரான ‘போக் மஹோன்’ ஐரிஷ் மொழியில் ‘என் பிட்டத்தில் முத்தமிடு’ என்பதுதானே. அது வானொலிக்காரர்களுக்குப் பிரச்சினையாகி, பெயர் சுருங்கியது. அப்படிப்பட்டவர்களுக்கு மரியாதையான கலைச்சொல் எதற்கு?

> முரட்டிசை என்பது ஹெவி மெட்டலுக்கு அல்லவா பொருந்தும்?

பொருந்தாது என்றே நினைக்கிறேன். மெட்டல் கனமானது, ஆனால் இழைத்து மெருகேற்றியது. விரல் தேய்ந்த பயிற்சி இல்லாமல் வாசிக்க முடியாது. கிதாரில் மூன்று கார்டு (chord) தெரிந்தவன் குழு தொடங்கலாம் என்பது பங்க்கின் கொள்கை. கரடுமுரடு என்கிறோமே, அந்த முரடு. அடியாள் முரடு மட்டும் அல்ல.

கருவிப் பெயர்களில் டின் விசிலைத் தகரக் குழல் என்றே எழுதுங்கள். ‘விசில்’ என்றால் தியேட்டர் முன்வரிசைக்குப் போய்விடும். பைக்குழலின் இடைவிடாத சுருதிக் குழல்களுக்கு நாதஸ்வரக்காரர்களின் ‘ஒத்து’ இருக்கிறது, புதிதாகத் தேட வேண்டாம்.

எனக்கு முடிவு தெரியாதது பிரெத்தோன் பொம்பார்ட் மட்டும். சீவாளி வைத்து ஊதும் சின்னக் கருவி, காதைத் துளைக்கும் ஓசை. ‘முகவீணை’ என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் முகவீணை தெரிந்தவர்கள் வேறொரு கருவியை மனத்தில் வைத்துப் படிப்பார்கள். ஊதுகிறவர்கள் யாராவது நம் மடற்குழுவில் இருந்தால் சொல்லுங்கள், அதுவரை பொம்பார்ட் என்றே போகட்டும்.

அன்புடன்