பழைய காரில் காற்று, பெட்ரோல் கலவையைக் கூட்டிக்குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவில் கை வைத்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

கிள்ளான் 190ஈ

அப்பாவின் காடி, 1988 பென்ஸ் 190ஈ 2.0, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கேஈ-ஜெட்ரானிக் வகை. சூடானதும் சிக்னலில் நின்றால் குலுங்கும். பிளக், ஃபில்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் மாற்றியாகிவிட்டது, குலுக்கல் போகவில்லை. மிக்ஸ்சர் லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக இருக்கும் என்று நானே முடிவு செய்து நீளமான 3 மில்லிமீட்டர் எல் கீ வாங்கிவந்தேன். ஸ்க்ரூ குழலில் இருக்கவேண்டிய கம்பெனி அடைப்பு இல்லை, எனக்கு முன்னாலேயே யாரோ கை வைத்திருக்கிறார்கள். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்தி, கீ மாட்டிக்கொண்டதும் வலப்பக்கம் கால் சுற்று. குலுக்கல் அப்படியே அடங்கிவிட்டது. சந்தோஷத்தில் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, போனட்டுக்குள் ஃபோனை நீட்டிப் பிடித்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கவைத்தேன். "வாங்கின புதுசுல இப்படித்தான்டா இருந்துச்சு" என்றார்.

மூன்றாம் நாள் காராக் மலைச்சாலை ஏற்றத்தில் பின்னால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடி மாதிரி கரி பிடித்திருக்கிறது. ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன், பழையபடி குலுங்குகிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஃபோன்தான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஹாம் கேப்ரியோ

நான் இருப்பது ஜேர்மனியில், என்னுடையது கோல்ஃப் கேப்ரியோ 1.8, கே-ஜெட்ரானிக். புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது புகையில் சிஓ (கார்பன் மோனாக்சைடு) 4 சதவீதத்துக்கு மேலே காட்டியது, 1, 1.5-இல் நிற்கவேண்டிய வண்டி. எனக்கு முன் வைத்திருந்தவர் ஸ்க்ரூவைத் தாராளமாகத் திருகியிருக்கிறார் என்று நினைத்துக் கோபம் வந்தது. பரிசோதித்த வயதான மனுசன் ஒன்றுமே கதைக்கவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் விளக்கினார். இந்த வண்டிகள் ஏர் மீட்டரில் இருக்கும் தட்டைத் தாண்டி வரும் காற்றை மட்டும்தான் கணக்கில் எடுக்கும், மூடியைத் திறந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் எஞ்சின் தள்ளாட வேண்டும். தள்ளாடவில்லை என்றால் ஏற்கெனவே வேறு எங்கேயோ காற்று இழுக்கிறது, அதை மறைக்கத்தான் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். இன்ஜெக்டர் ரப்பர் வளையம் நாலும் கல்லாகிப்போயிருந்தன, விரலால் அழுத்தினால் உடைந்தன.

தம்பி, ஒன்று சொல்கிறேன், கீயை அழுத்தவே கூடாது. அழுத்தினால் உள்ளே நெம்புகோல் நகர்ந்து எஞ்சின் நின்றுவிடும்.

கிள்ளான் 190ஈ

அண்ணே, அது கோல்ஃபுக்கு. 190ஈ-யில் அழுத்தினால்தான் கீ ஸ்க்ரூவில் மாட்டும், விட்டால் ஸ்பிரிங் மேலே தள்ளிவிடும். அழுத்தும்போது எஞ்சின் திணறுவது இதிலும் உண்டு. ஒயில் மூடியை நான் திறந்து பார்க்கவே இல்லை.

துபாய் ஈ30

எல்லாரும் ஜெட்ரானிக் என்றால் ஒரே சாமான் மாதிரி பேசுகிறீர்கள். என் பிஎம்டபிள்யூ 318ஐ-யில் இருப்பது எல்-ஜெட்ரானிக், அதன் ஏர் மீட்டருக்குள் கதவு மாதிரி ஒரு மடல், உள்ளே வரும் காற்று தள்ளத் திறக்கும். சிஓ-வுக்குத் தனி ஸ்க்ரூ இருக்கிறது, மடலைத் தொடாமல் போகும் பக்கவழிக் காற்றைக் குறைத்தால் ரிச், அதாவது பெட்ரோல் கூடும். அதைத் தொட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பிக்கப் இன்னும் வேண்டுமென்று ஆசைப்பட்டு, மீட்டரின் கறுப்பு மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே மடலின் ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் பல்சக்கரத்தின் கம்பிப் பூட்டை விடுவித்தேன். ஒரு பல் தளர்த்தலாம் என்றுதான் நினைத்தேன். சக்கரம் ‘டர்ர்’ என்று தானாகச் சுற்றி நின்றது. பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும், வைக்கவில்லை. எத்தனை பல் போனது என்று இன்றுவரை தெரியாது. ஸ்பிரிங் தளர்ந்தால் மடல் அதிகம் திறக்கும், பெட்ரோல் கொட்டும். பழைய சாமான் கடையில் வேறு மீட்டர் வாங்கித்தான் வண்டியை எடுத்தேன்.

பழைய ஸ்பேனர், கோவை

சவூதியில் 11 வருடம் பழைய பென்ஸ்களில் வேலை பார்த்தவன். ஒரு 280ஈ மட்டும் மறக்காது. கீ உள்ளே இருக்கும்போதே ஓனர் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார், கீ வளைந்து மாட்டிக்கொண்டது, அதை எடுக்க ஒரு பகல் ஆனது. என் கதை அவ்வளவுதான்.

தம்பிக்குச் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்வேன், ஏனென்றால் இந்த ஸ்க்ரூவால் நல்ல வண்டிகள் நாசமாவதைப் பார்த்திருக்கிறேன். மிக்ஸ்சர் கடைசி வேலை. முதலில் இக்னிஷன், அதை முடித்திருக்கிறீர்கள், சரி. அடுத்து காற்று ஒழுகல். இன்டேக் ஜாயின்ட், இன்ஜெக்டர் வளையம், ஏர் மீட்டருக்கு அடியில் இருக்கும் ரப்பர் காலர் என்று ஒவ்வொரு இடமாகக் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள், எங்கே அடிக்கும்போது ஆர்பிஎம் மாறுகிறதோ அங்கே ஓட்டை. சூடான மேனிஃபோல்டு பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். அதன் பிறகு கேஜ் வைத்து பெட்ரோல் பிரஷர். கே-ஜெட்ரானிக்கில் சிஸ்டம் பிரஷர் 5 பார் ஒட்டி, சூடான பிறகு கன்ட்ரோல் பிரஷர் 3.5 ஒட்டி இருக்கும். கேஈ-யில் அந்தக் கன்ட்ரோல் பிரஷரை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டர் கிடையாது, அந்த வேலையை பெட்ரோலைப் பிரித்து அனுப்பும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மின்சார ஆக்சுவேட்டர் பார்க்கிறது, அதை வேறு விதமாகச் சோதிக்க வேண்டும். இதெல்லாம் சரியென்றால்தான் ஸ்க்ரூ, அதுவும் புகையில் சிஓ அளக்கும் கேஸ் அனலைசர் வைத்துக்கொண்டு. கால் சுற்று என்பது ரொம்ப அதிகம். மயிரிழை திருப்பி, கீயை வெளியே எடுத்து, ஒரு தடவை ரேஸ் செய்து, நிதானத்துக்கு வந்த பிறகு பார்க்க வேண்டும்.

உங்களுக்கு நடந்தது என்னவென்றால், ஐடிலில், அதாவது மிதிக்காமல் சும்மா ஓடும்போது எஞ்சின் இழுக்கும் காற்று கொஞ்சம், அதில் ஒழுகல் பெரிய பங்கு, அதனால் லீன். ஸ்க்ரூவால் ஈடுகட்டினீர்கள், குலுக்கல் நின்றது. ஏற்றத்தில் த்ராட்டில் திறந்ததும் காற்று நிறைய வருவதால் அதே ஒழுகல் ஒரு பொருட்டே இல்லை, நீங்கள் கூட்டிய பெட்ரோல் மட்டும் மிஞ்சும். அதுதான் கறுப்புப் புகை.

துபாய் ஈ30

கேஸ் அனலைசருக்கு வீட்டில் வேலை செய்கிறவன் எங்கே போவான் அண்ணா? பிளக் நிறத்தைப் பார்த்தே செட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஸ்பேனர், கோவை

பிளக் நிறம் நேற்று ஓடியதைச் சொல்லும், இப்போது திருப்பியதைச் சொல்லாது. புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் கேளுங்கள், கொஞ்சம் காசு கொடுத்தால் குழாயை விட்டுக் காட்டுவார்கள்.

கிள்ளான் 190ஈ

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றும் திட்டவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்தார். அவர்தான் ஒயில் மூடியைத் திறந்தார். சத்தம் மாறவே இல்லை. மறுபடி மூடித் திறந்தார், அப்போதும் மாறவில்லை. கிளீனரை மீட்டருக்கு அடியில் அடித்தபோது ஆர்பிஎம் எகிறியது. ஏர் ஃபில்ட்டர் பெட்டியைக் கழற்றி, டார்ச் அடித்துத் தடவினால் ரப்பர் காலரின் பின்பக்கம் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. காலருக்குச் சொல்லியிருக்கிறேன், இன்ஜெக்டர் வளையங்களும் சேர்த்து. எல் கீயை அப்பா எடுத்துக்கொண்டுபோய் அவருடைய மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.