பொருள்: கிளட்ச் ‘பிளீடிங்’ – தமிழில் என்ன? (திங்கள் அச்சுக்குப் போகிறது)
(சிங்கப்பூர்க் குழு உரையாடல்; பெயருக்குப் பதில் அவரவர் வட்டாரம்)

தெம்பனிஸ்:
வணக்கம். லோரியும் பழைய மேனுவல் காரும் வைத்திருப்பவர்களுக்கான எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். கிளட்ச் சிலிண்டரை மாற்றியபின் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற வேலைக்கு ஒரு சொல் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் அடியில் படுத்து நிப்பிளை (காற்று வெளியேறும் சிறு திருகை) கால் சுற்று தளர்த்துவார். எண்ணெய் குமிழி குமிழியாக வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். கணினி ‘இரத்தம் வடித்தல்’ என்கிறது! ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்கிறது மூலம். அடுக்குமாடி புளோக்கில் 11ஆம் மாடிக்காரனுக்கு அது எப்படியோ.

பிடோக்:
வளிநீக்கம். புறநானூறு 66இல் வெண்ணிக்குயத்தியார் ‘வளிதொழில் ஆண்ட’ என்கிறார். வேர் ‘வள்’ என்பர். வளை, வளையம், வளாகம் எல்லாம் அதன் பிள்ளைகள். சுழன்று வருவதால் வளி.

ஈசூன்:
குழாய்க்குள் அது சுழலவே இல்லையே ஐயா, அதுதானே தொல்லை. ‘வளிநீக்கம்’ என்று அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சுக்குக் கஷாயம் போடவா என்கிறார்.

உட்லண்ட்ஸ்:
எங்கள் பட்டறையில் ‘ஏர் பிடிச்சிருக்கு, ஏர் எடு’ என்றால் ஊரிலிருந்து நேற்று வந்த தம்பிக்கும் புரியும். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி போகிறது. ‘காற்றெடுப்பு’ என்று வையுங்கள். கிளட்ச்சுக்கு ஊற்றும் டாட் 4 எண்ணெய் பெயின்டில் பட்டால் உடனே கழுவச் சொல்லுங்கள், அரித்துவிடும். சொல்லைவிட அது முக்கியம்.

ஜூரோங்:
மூச்செடுப்பது என்றால் உள்ளே இழுப்பது. காற்றெடுப்பு மட்டும் எப்படி வெளியே?

ஈசூன்:
பல் எடுக்கப் போனால் உள்ளேயா வைத்து அனுப்புகிறார்கள்? சரி, பசியாறிட்டு வருகிறேன்.

தெம்பனிஸ்:
அப்புறம், ‘ஹைட்ராலிக்’ என்பதற்கு ‘நீரழுத்த’ போட்டிருக்கிறேன்.

உட்லண்ட்ஸ்:
ஐயோ அக்கா! அந்த எண்ணெய்க்குத் தண்ணீர்தான் எமன். டப்பாவைத் திறந்து வைத்தாலே காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், இந்த ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ‘நீர்’ என்று படித்துவிட்டு எவனாவது குழாய்த் தண்ணீரை ஊற்றினால்?

பிடோக்:
நீர்மம் என்றால் திரவம். ‘நீர்மவழுத்த’ என்க.

ஜூரோங்:
அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தீர்களா ஐயா?

தெம்பனிஸ் (ஞாயிறு இரவு):
‘ஹைட்ராலிக்’ அப்படியே இருக்கட்டும். தலைப்பில் ‘காற்றெடுப்பு’, அடைப்புக்குறிக்குள் ‘ஏர் எடுத்தல்’. மூன்று பேர் சரி என்றார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்போல.

பிடோக்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். எடுப்பு என்றதும் எடுப்புச் சாப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. காற்றுக்குக் ‘கால்’ என்றே ஒரு பழம்பெயர் உண்டு. ‘காலெடுப்பு’ பொருந்துமா?

உட்லண்ட்ஸ்:
ஐயா, நிப்பிளை மூடும்வரை பெடலிலிருந்து காலெடுக்காதே என்றுதான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கிறேன்.