உதவி: டெக்ஸ்ட் ஃபைலில் படிப்படியாக அடுக்கியது குலைந்துவிட்டது

ஹட்டன்வாசி:
எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய ஆட்கள் சொன்னதையெல்லாம் இரண்டு வருடமாக ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வருகிறேன். டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), அதற்குள் லயம் (வரிசை வீடு), அதற்குள் காம்பரா (ஒரு குடும்பத்தின் அறை), அதற்குள் ஆள். ஒவ்வொரு படிக்கும் நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளினேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. போன வாரம் தங்கச்சி அதைப் போனில் மார்க்டவுன் (சாதாரண எழுத்தில் குறி போட்டுத் தலைப்பு, பட்டியல் அமைக்கும் முறை) ஆப் ஒன்றில் திறந்தாள். பாதி எழுத்து சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய்விட்டது. மெயிலில் ஒட்டி அனுப்பச் சொன்னேன். முன்னால் இருந்த ஸ்பேஸ் எல்லாம் போய், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்த மாதிரி வந்து சேர்ந்தது.

முதலில் 1.2.3 என்று நம்பர் போட்டும் பார்த்தேன். நடுவில் ஒரு லயத்தைச் சேர்த்தால் பின்னால் உள்ளதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதுளை அக்கா:
தம்பி, பழைய காப்பி பத்திரமாக இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

சாம்பல் பெட்டி ஆப்பின் பிழை இல்லை. வெற்று வரிக்குப் பிறகு நான்கு ஸ்பேஸோடு ஒரு வரி தொடங்கினால் அது கணினி நிரல் (கோட்) என்றுதான் மார்க்டவுன் எடுத்துக்கொள்ளும். தலைப்புக்கு # போடுங்கள்: டிவிசனுக்கு ஒன்று, லயத்துக்கு ##, காம்பராவுக்கு ###. குறிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் கட்டாயம். மெயிலில் ஸ்பேஸ் தொலைந்தாலும் # தொலையாது.

தலைப்புக்குக் கீழே ==== என்று கோடு போடும் முறை பக்கம் போகாதீர்கள். சில முறைகளில் கோடு தலைப்பை விடக் குட்டையாக இருந்தால் எச்சரிக்கை வரும். ‘மலை’ நமக்கு இரண்டெழுத்து, கணினிக்கு மூன்று. யார் எண்ணிக்கொண்டிருப்பது!

மஸ்கெலியா லேப்டாப்:
அக்கா சொல்வது சரி, ஆனால் அதிலும் ஓர் இழப்பு உண்டு. லயத்தைப் பற்றி எழுதி, அதற்குள் மூன்று காம்பராவும் எழுதி, திரும்ப லயத்தைப் பற்றி இரண்டு வரி எழுத வேண்டும் என்று வையுங்கள். ஸ்பேஸ் முறையில் வெளியே இழுத்தால் போதும். # முறையில் ‘காம்பரா முடிந்தது’ என்று சொல்ல வழியே இல்லை. அந்த இரண்டு வரியும் கடைசிக் காம்பராவுக்குள் போய்விடும். ஆகவே லயத்தின் சேதி எல்லாவற்றையும் முதல் காம்பராவுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று, மார்க்டவுனில் ஆறு படிதான். வலைப்பக்கத் தலைப்புகளும் ஆறு வகைதானே. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியில் குறிப்புகளை அடுக்க இருக்கும் ஆர்க் மோடில் # இடத்தில் * வரும், அந்த வரம்பு கிடையாது. ஒரு லயத்தை அதன் கிளைகளோடு ஒரு படி உள்ளே தள்ள ஆல்ட், ஷிஃப்டோடு வலது அம்பு போதும். தங்கச்சி போனில் படிக்க வேண்டுமென்றால் #தான் நல்லது. எனக்கு * பிடிக்கும், அது என் கிறுக்கு.

ஹட்டன்வாசி:
ஆறு படி எனக்கு ஏராளம். ஆனால் ஒரு பாட்டி மேல் டிவிசனில் பிறந்து கீழ் டிவிசனில் வாக்கப்பட்டவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவருடைய அண்ணன்மார் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அவரை எங்கே வைப்பது? இரண்டு இடத்திலும் எழுதினேன். ஒன்றைத் திருத்தினால் மற்றதை மறந்துவிடுகிறேன்.

பதுளை அக்கா:
மரத்தில் ஓர் இலைக்கு ஒரு கிளைதான், தம்பி. இப்போது இருக்கும் காம்பராவில் முழுக்க எழுதுங்கள். பிறந்த லயத்தில் ‘பார்க்க: கீழ் டிவிசன்’ என்று ஒரு வரி போதும். இந்தியா போன கதையைத் தனிப் படியாக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஒவ்வொரு குடும்பத்தின் கீழும் @இந்தியா என்று போட்டுவிடுங்கள். தேடினால் எல்லாம் வந்துவிடும்.

ஹட்டன்வாசி:
நேற்று ராத்திரி மேல் டிவிசனை முடித்தேன். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேசில் முடியவில்லை, தலைப்பும் கதையும் ஒரே அளவு உள்ளே தள்ளியிருந்ததால் எது எது என்று கையாலேயே பிரித்தேன். போனில் நன்றாகத் தெரிகிறது. மாரியம்மன் கோயில்தான் பாக்கி. இரண்டு டிவிசனுக்கும் நடுவில் இருக்கிறது.

மஸ்கெலியா லேப்டாப்:
தனியாக ஒரு # போடுங்கள், டிவிசன்களுக்குச் சமமாக. எந்த டிவிசனுக்குள் வைத்தாலும் திருவிழாவுக்கு நீங்கள் ஊர்ப் பக்கம் போக முடியாது.